எழுந்து நிற்கும் நிமிடம்

பெரியவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். உள்ளே வந்ததும் உட்கார இடம் பார்க்கவில்லை. கழிப்பறை எந்தப் பக்கம் என்றுதான் பார்த்தார். நடையின் கோடியில் இருந்தது. அதற்குக் கிட்டத்திலுள்ள பெஞ்சின் நுனியில் போய் உட்கார்ந்துகொண்டார். கூட வந்த அம்மாள் டோக்கன் வாங்கி வந்து, மின்விசிறிக்குக் கீழே காலியாயிருந்த இடத்தைக் காட்டிக் கூப்பிட்டார். "நான் இங்ஙனயே இருக்கேன்" என்று கையை மட்டும் ஆட்டினார்.

வெளுத்த அரைக்கைச் சட்டை, கரை வேட்டி, சட்டைப் பையில் ஒரு கண்ணாடிக்கூடு. வலது முழங்கையில் பொருக்குத் தட்டிய காயம். அதைச் சுற்றி மஞ்சளும் ஊதாவுமாகக் கன்றிப்போன தோல். பட்டுச் சில நாட்கள் ஆகியிருக்கும். அந்தக் கையை மடியில் மறைத்தாற்போல் வைத்திருந்தார்.

அந்தமானின் பாம்பூஃப்ளாட்டில் ஆஸ்பத்திரிக் கூட்டம் விடிந்ததுமே சேர்ந்துவிடுகிறது. இந்தத் தீவுகளில் சூரியன் முந்தி எழுந்து முந்திப் படுக்கிறது, ஜனங்களும் அப்படியே. விம்பர்லிகஞ்ச், ஸ்டூவர்ட்கஞ்ச் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள், மகன் ஸ்கூட்டரில் இறக்கிவிட்டுப் போனவர்கள். வரிசையில் ஐந்து மொழி கேட்கிறது. 1921 மலபார் கிளர்ச்சிக்குப் பின் கைதிகளாகக் கொண்டுவரப்பட்ட மாப்பிள்ளைமாரின் வழிவந்தவர்கள், வங்காளக் குடியேறிகள், தெலுங்கர்கள், ராமநாதபுரம் தூத்துக்குடிப் பக்கத்துத் தமிழர்கள். எல்லாருக்கும் பொதுவாக ஓர் அந்தமான் இந்தி இருக்கிறது. அந்த இந்தியில் சண்டை போடலாம், சம்பந்தம் பேசலாம், சம்பளப் பாக்கி கேட்கலாம். ஒன்றுக்குப் போவதற்கு முக்க வேண்டியிருக்கிறது என்று சொல்ல மட்டும் ஆண்களுக்கு அதில் வாய் வருவதில்லை. தமிழிலும் வருவதில்லை என்பதைச் சற்று நேரத்தில் பார்த்தேன்.

அம்மாள் பக்கத்து வங்காளிப் பெண்ணிடம் இந்தியில் பேச ஆரம்பித்திருந்தார். நடுநடுவே தமிழ் வந்து விழுந்தது. இவுக சாத்தம் மர மில்லில் இருந்து ரிட்டயர் ஆனவுக. பிரஷர் பத்து வருஷமா இருக்கு. காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணி குடிக்கல. வெளிய கிளம்பினா இப்படித்தான்.

சாத்தம் மில் என்றதும் அவரைப் பார்க்கும் பார்வை எனக்குச் சற்று மாறியது. 1883இல் தொடங்கிய ஆலை அது. அங்கே வேலை பார்த்த எத்தனையோ பேர் இந்தக் கரையில் வீடு வைத்துக்கொண்டு, தினமும் ஃபெர்ரி பிடித்து அக்கரைக்குப் போய்வந்தவர்கள். கால் மணி, மிஞ்சினால் இருபது நிமிடக் கடல்தான். அந்தத் தூரத்தை நினைக்காமலே கடந்த மனிதருக்கு, இந்த வயதில் அது பெரிய கணக்காகிவிடுகிறது. ஏறும்முன் ஒருமுறை போக வேண்டும், இறங்கியதும் ஒருமுறை, நடுவில் வந்துவிட்டால் என்ன செய்வது? ஆகவே காப்பி இல்லை, தண்ணீர் இல்லை. அந்தமானின் புழுக்கத்தில் வியர்வையாய் ஓடுவதை ஈடுகட்ட உள்ளே ஒன்றும் போகவில்லை. இதை அவர் ஒரு சாமர்த்தியமாகவே வைத்திருக்கிறார். அவர் போட்டுக்கொள்ளும் மாத்திரைக்கோ, உடம்பில் நீர் குறைந்த ஆள்தான் மிகச் சுலபமாகச் சாய்க்கக்கூடிய ஆள்.

டோக்கன் கூப்பிட்டார்கள். டாக்டர் இளைஞர், வடக்கத்தியர். அடுத்த இரண்டு டோக்கன்காரர்கள் வாசலிலேயே நிற்கிறார்கள். எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் இதுதான் நடைமுறை. அதில் ஒருவர் பெரியவருக்குத் தெரிந்த முகம் போல, தலையசைத்துக்கொண்டார்கள். டாக்டர் உட்காரவைத்துக் கையில் பட்டை சுற்றிப் பார்த்தார். 146க்கு 84. பரவாயில்லை என்றார். தலை சுற்றல்? இல்லை. பிஷாப், ஒன்றுக்குப் போவது? பெரியவர் வாசலில் நின்றவரை ஒருமுறை பார்த்தார். "டீக் ஹை, சாப்." நன்றாயிருக்கிறதாம்.

முழங்கையைக் காட்டி, இது என்ன என்று டாக்டர் கேட்டார். ஈரத் தரையில் வழுக்கிவிட்டது என்றார். பின்னால் நின்ற அம்மாளின் வாய் ஒரு தடவை திறந்து மூடியது. ஒன்றும் பேசவில்லை. பழைய சீட்டே தொடர்ந்தது. அவர்கள் மருந்து ஜன்னலுக்கு வந்தார்கள்.

அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். வேகமான கை. சீட்டைப் பார்க்கும், எடுக்கும், கத்தரிக்கும், உறையில் போடும். அன்றைக்கு ஏனோ, "வீட்ல மிச்சம் எதுவும் இருக்கா பாட்டி? இருந்தா காட்டுங்க, அதுக்குத் தகுந்த மாதிரி தரேன்" என்று கேட்டார். அம்மாள் மஞ்சப்பையை ஜன்னல் திண்டில் கவிழ்த்தார்.

எத்தனை அட்டைகள்! வெட்டி வெட்டிப் பெயர் போனவை, தேதி போனவை, மூலையில் ஒற்றை மாத்திரை மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பவை. ஒரு பழைய இன்ஹேலர் மூடி. தலைவலித் தைலம். சளி மாத்திரை அட்டை ஒன்று, பாதி காலி. அந்தப் பெண் ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். அம்லோடிபினை ஒரு பக்கம் வைத்தார். இன்னொரு அட்டையைப் படித்து அதன் பக்கத்தில் வைத்தார். மூன்றாவதை எடுத்தவர் இரண்டாவதை மறுபடி எடுத்துப் பார்த்தார். கை நின்றுவிட்டது.

"பாட்டி, இது யாரு குடுத்தது?"

"அது பிரஷருக்கு. ஒரு மாத்திரைல அடங்கலன்னு கூடச் சேத்துக் குடுத்தாக."

"இது?"

அம்மாள் கணவரைப் பார்த்தார். அவர் கழிப்பறைப் பக்கம் திரும்பி நின்றார். "இப்ப ஊருக்குப் போயிருந்தப்ப, தம்பி மவன் ஒரு டாக்டருட்ட கூட்டிப் போனான். நீர்க்கடுப்புக்கு."

"அந்த டாக்டர்கிட்ட பிரஷர் மாத்திரை சாப்பிடறதைச் சொன்னீங்களா?"

"கேக்கலையே" என்றார் பெரியவர், முதல் தடவையாக ஜன்னலைப் பார்த்து.

"இங்க டாக்டர்கிட்ட இந்த மாத்திரையைச் சொன்னீங்களா?"

பதில் இல்லை.

ஒன்று பிரஸோசின். மற்றது டாம்சுலோசின். இரண்டும் ஒரே குடும்பத்து மாத்திரைகள். டெராஸோசின், டாக்ஸாஸோசின், ஆல்ஃபுஸோசின், சிலோடோசின் எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகள்தாம். 'ஓசின்' என்ற கடைசி அசைகளைக் கேட்டாலே தெரியும். வயதான அப்பாவின் மருந்துப் பெட்டியில் இப்படி முடியும் பெயர் இரண்டு தனித்தனி அட்டைகளில் இருந்தால், அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். இரண்டு டாக்டர்களும் தங்கள் தங்கள் வரையில் சரியான மருந்தையே எழுதியிருக்கலாம். அவர்களுக்கு நடுவில் ஒரு மனிதர் பேசாமல் இருந்தார், அவ்வளவுதான்.

இந்த மாத்திரை செய்வது என்ன என்று பார்த்தால், ஏன் ஒன்றே இரண்டு நோய்க்கும் போகிறது என்பது விளங்கும். சிறுநீர்ப்பையின் வாய்க்குக் கீழே, நீர் வெளியேறும் குழாயைச் சுற்றிப் புராஸ்டேட் சுரப்பி இருக்கிறது. இளவயதில் அக்ரூட் கொட்டை அளவு. ஐம்பதுக்குமேல் மெல்லப் பெருக்கிறது. எழுபதில் பெருக்காதவர் குறைவு. பெருத்தது குழாயை நெருக்குகிறது. அதோடு, சுரப்பிக்குள்ளும் சிறுநீர்ப்பைக் கழுத்திலும் இருக்கிற தசைகள் இறுகிப் பிடித்து வழியை இன்னும் அடைக்கின்றன. 'இறுக்கு' என்று நரம்பு அனுப்பும் செய்தியை வாங்கிக்கொள்வது ஆல்ஃபா-1 என்ற ஏற்பி. அந்த ஏற்பியை இந்த மாத்திரை மறித்துவிடுகிறது. தசை தளர்கிறது, நீர் இறங்குகிறது. சுரப்பி சிறுக்காது, வழிதான் விடுகிறது. சிறுக்கவைக்கிற மருந்து வேறு. டுடாஸ்டெரைடு, ஃபினாஸ்டெரைடு என்று அவை மாதக்கணக்கில் வேலை செய்பவை.

அதே ஏற்பிகள் உடம்பு முழுக்க இரத்தக் குழாய்ச் சுவர்களிலும் இருக்கின்றன. அங்கேயும் மாத்திரை போய் மறிக்கிறது. குழாய்கள் விரிகின்றன, அழுத்தம் இறங்குகிறது. பிரஷர் மாத்திரையாக இது பெயரெடுத்தது இப்படித்தான். டாம்சுலோசின், சிலோடோசின் இரண்டும் புராஸ்டேட் பக்கமே அதிகம் சாயும் வகை. பிரஷருக்கென்று அவற்றைக் கொடுப்பதில்லை. அதனால் இரத்தக் குழாயைத் தொடவே தொடாது என்று அர்த்தமில்லை.

நாம் படுக்கையிலிருந்து எழுந்து நிற்கிறபோது அரை லிட்டருக்குக் குறையாத இரத்தம் சட்டென்று வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடுகிறது. அந்தக் கணமே குழாய்கள் இறுகி அதை மேலே தள்ளியாக வேண்டும். இல்லாவிட்டால் மூளைக்கு வந்துசேர்வது குறையும். வயதானால் இந்த இறுக்கம் தானாகவே மந்தப்படுகிறது. இந்த மாத்திரை அதையும் தளர்த்துகிறது. கண் இருட்டும். சுவரைப் பிடிக்க நேரமிருந்தால் பிடிப்பார்கள்.

பிரஸோசின் 1970களில் புழக்கத்துக்கு வந்தபோதே டாக்டர்கள் இதைக் கவனித்துவிட்டார்கள். முதல் மாத்திரை போட்ட அரை மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள் சிலர் மயங்கி விழுந்தார்கள். எடுத்த எடுப்பில் 2 மில்லிகிராமோ அதற்கு மேலோ கொடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில் நினைவிழந்தார்கள். அன்றிலிருந்துதான் அந்த விதி: சிறிய அளவில் தொடங்கு, முதல் மாத்திரையைப் படுக்கப்போகும்போது போடு, மெல்ல ஏற்று. டெராஸோசினுக்கும் டாக்ஸாஸோசினுக்கும் தொடக்கம் 1 மில்லிகிராம்தான்.

இந்த விதியை நான் மதிக்கிறேன். ஆனால் புராஸ்டேட் பெருத்த ஆணிடம் அதைச் சொல்லும்போது பாதிதான் சொன்னதாகிறது. மாத்திரையைப் போட்டுவிட்டுப் படுத்திரு என்கிறோம். அவரைப் படுக்கவிடாததுதானே அவருடைய நோய்? இந்த ஊரில் ஐந்தரை ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. எட்டு மணிக்குச் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுப் படுத்தால், ஒன்பதரைக்கு முட்டிக்கொண்டு எழுப்பும். முதல் மாத்திரை ஆளைச் சாய்க்கக்கூடிய நேரமும் அதுவே. தூக்கக் கலக்கம், கரண்ட் போன வீடு, ஈரமான குளியலறைத் தரை. நின்றபடி நிரம்பிய பையைக் காலிசெய்யும்போது, மாத்திரை இல்லாவிட்டாலும் சிலருக்கு அழுத்தம் சட்டென்று விழும். எல்லாம் சேர்ந்து வருகிற இடம் அந்தக் குளியலறை வாசல். எத்தனை இடுப்பெலும்புகள் அங்கே முறிந்து, 'ஈரத்தில் வழுக்கிவிட்டது' என்ற ஒற்றை வரியோடு முடிந்திருக்கும் என்று யோசித்தால் மனம் பதைக்கிறது.

ஜன்னல் பெண் வரிசையை நிறுத்திவிட்டு, மூன்று அட்டைகளையும் கையில் எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனார். வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. ஒருவர் ஃபெர்ரிக்கு நேரமாகிறது என்றார். இரண்டு நிமிடத்தில் பெரியவரை மறுபடி உள்ளே கூப்பிட்டார்கள்.

இந்தத் தடவை அவரைப் படுக்கவைத்தார்கள். பச்சைத் திரை பாதி இழுத்திருந்தது. அவருடைய பாதங்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. வெடிப்பு விழுந்த, ரொம்ப நடந்த பாதங்கள். ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. நர்ஸ் அளந்து எண்ணைச் சொன்னார்: 150க்கு 86. "அப் கடே ஹோ ஜாயியே." பாதங்கள் தரைக்கு வந்தன. பட்டை கையிலேயே இருந்தது. ஒரு நிமிடம் கழித்து 116க்கு 70. நர்ஸின் கை அவருடைய முதுகுக்குப் பின்னால் போனது. மூன்றாவது நிமிடம் 120க்கு 72.

நிற்கும்போது மேல் எண் 20ஓ, கீழ் எண் 10ஓ இறங்கினால் அது கவனிக்க வேண்டிய இறக்கம். இங்கே முதல் நிமிடத்திலேயே 34. உட்காரவைத்து அளந்த நல்ல எண் இதைக் காட்டிக்கொடுக்கவில்லை. மாத்திரையைச் சேர்த்தபிறகும் அளவைக் கூட்டியபிறகும் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் அளப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை, சில நிமிடங்கள்தான். வயதானவர்களின் பிள்ளைகள் இதைக் கேட்டு வாங்கலாம். வீட்டிலேயே அளக்கும் கருவி இருப்பவர்கள் தாங்களே செய்து, எண்களை எழுதிக் கொண்டுபோய்க் காட்டலாம்.

டாக்டர் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. அம்மாளின் பதில் நடைமுழுக்கக் கேட்டது. "வழுக்கவும் இல்ல ஒண்ணுமில்ல சாப்! ஊர்ல வாங்குன மாத்திரையைப் போட்ட அன்னிக்கு ராத்திரி, எந்திரிச்சுப் போனாக, பொத்துனு சத்தம். போய்ப் பாத்தா கதவோரமா கெடக்காக. கண்ணு நட்டுக்கிச்சு. யாருட்டயும் சொல்லாதன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாக." பாதி இந்தி, பாதி ராமநாதபுரம். டாக்டருக்கு முழுக்கப் புரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

பிரஸோசினை நிறுத்துவது என்று முடிவானது. நீருக்கான மாத்திரை தொடரும், அதுவும் தினமும் ஒரே வேளைச் சாப்பாட்டுக்குப் பின். ஒரு வாரத்தில் திரும்ப வந்து படுத்தும் நின்றும் அளக்க வேண்டும். பிரஷர் ஏறினால் வேறு வகை மாத்திரை தரலாம். எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்பது டாக்டர் தீர்மானிக்க வேண்டியது. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடக் கூடாது. நின்றுபோன பிரஷர் மாத்திரையும் ஆளைச் சாய்க்கும்.

பிரஷருக்கு முதல் மாத்திரையாக இந்த வகையை இப்போது எழுதுவதில்லை. அதற்கு ஒரு பெரிய ஆராய்ச்சி காரணம். 1994இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஆல்ஹாட்' ஆய்வில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து நான்கு வகை மருந்துகளை ஒப்பிட்டார்கள். டாக்ஸாஸோசின் பிரிவை மட்டும் 2000இல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். நீர் பிரிக்கும் குளோர்தாலிடோன் சாப்பிட்டவர்களைவிட டாக்ஸாஸோசின் சாப்பிட்டவர்களுக்கு இதயச் செயலிழப்பு இரண்டு மடங்கு வந்தது. அழுத்தத்தின் எண்ணைக் குறைத்தால் மட்டும் போதாது, எதைக் கொண்டு குறைக்கிறோம் என்பதும் முக்கியம் என்று அன்று தெரிந்தது. இந்தியாவில் 2017இல் தொடங்கிய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்திலும் வரிசையாக வருபவை அம்லோடிபின், டெல்மிசார்ட்டான், குளோர்தாலிடோன்தாம். மற்றவை போதாதபோதும், பிரஷரோடு புராஸ்டேட்டும் சேர்ந்து தொல்லை தரும்போதும் இந்த ஓசின்களுக்கு இடம் இருக்கிறது.

கெட்ட மருந்து என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. மகாராஷ்டிரத்தின் மஹாடில், ஹிம்மத்ராவ் பாவஸ்கர் என்ற மருத்துவர் செந்தேள் கொட்டி இதயம் தத்தளிக்கக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளைக் கண்முன்னே இழந்துகொண்டிருந்தார். தேளின் விஷம் உடம்பின் இறுக்கும் செய்திகளையெல்லாம் ஒரேயடியாகக் கட்டவிழ்த்துவிடுவதைக் கண்டு, 1980களில் அவர் கையில் எடுத்தது இதே பிரஸோசின். சாவு மளமளவென்று குறைந்தது. 2022இல் பத்மஸ்ரீ அவரைத் தேடிவந்தது. அந்தச் சிகிச்சையிலும் ஒரு கண்டிப்பு உண்டு: மாத்திரை கொடுத்தபின் குழந்தையைப் படுத்தபடியே வைத்திருக்க வேண்டும், தூக்கி நிறுத்தக் கூடாது. கிராமத்து ஆஸ்பத்திரியில், அழுகிற பிள்ளையைத் தோளில் போடத் துடிக்கும் தாயிடம் அதைச் சொல்லிப் புரியவைத்த மனிதரை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

ஜன்னலுக்குத் திரும்பியபோது பெரியவர் நடந்து வந்த விதம் மாறியிருந்தது. தோற்றவர் நடையா, பாரம் இறங்கியவர் நடையா என்று தெரியவில்லை. அந்தப் பெண் ஸ்டூல் ஒன்றை வெளியே தள்ளி, "உக்காருங்க தாத்தா" என்றார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். வரிசை நின்றது, இந்தத் தடவை யாரும் முணுமுணுக்கவில்லை. பின்னால் நின்ற ஆண்களில் இரண்டு மூன்று பேர் கழுத்தை நீட்டிக் கேட்டார்கள்.

"ராத்திரி முட்டுதுன்னா டக்குனு எந்திரிக்காதீங்க. மொதல்ல கட்டில்ல உக்காருங்க. காலைத் தொங்கப் போட்டு, பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டுங்க. ஒரு நிமிஷம். அப்புறம் எதையாவது பிடிச்சு நில்லுங்க. நின்னு கொஞ்ச நேரம் பாத்துட்டுத்தான் நடக்கணும். கண்ணு இருட்டுச்சுன்னா அங்கயே உக்காந்துருங்க, விழறதுக்கு முன்னாடி நீங்களே உக்காந்துருங்க. உள்ளேயும் உக்காந்தே போங்க."

"கட்டில் பக்கத்துல ஒரு டப்பா வெக்கவா தாயி?" என்றார் அம்மாள்.

"வைங்க பாட்டி. ரொம்ப நல்லது. தண்ணி பகல்ல நல்லாக் குடிக்கணும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மட்டும் குறைச்சுக்கலாம்."

பெரியவர் ஏதோ சொன்னார். ஃபெர்ரி என்பது மட்டும் காதில் விழுந்தது. "ஃபெர்ரி ஏறுற அன்னிக்கும்தான்" என்றார் அந்தப் பெண்.

அட்டைகளுக்கு நடுவே மாத்திரை ஒன்று அரிவாள்மனையில் இரண்டாக நறுக்கப்பட்டிருந்தது. அதைத் தூக்கிக் காட்டி, எக்ஸ்எல் என்று போட்டதையெல்லாம் உடைக்கக் கூடாது என்றார். ஒரு நாள் முழுக்க மெல்லக் கசிய வேண்டியது, உடைத்தால் மொத்தமாக இறங்கிவிடும். கேப்சூலைத் திறந்து கொட்டுவதும் அப்படியே. சில நாள் விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து அதே அளவைத் தொடங்கக் கூடாது, கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். இடைவெளி விழுந்த உடம்புக்கு அது மறுபடி முதல் மாத்திரை. சென்னைக் கப்பலில் மூன்று நாள் வாந்தியில் கிடந்து, ஊர் இறங்கியதும் விட்டதையெல்லாம் சேர்த்துப் போடுகிறவர்கள் இந்தத் தீவுகளில் உண்டு. புதிதாகத் தொடங்கிய நாளும் அளவு கூட்டிய நாளும் அடுத்த இருபத்துநான்கு மணி நேரம் ஸ்கூட்டர் வேண்டாம், ஏணி வேண்டாம், படகு ஓட்ட வேண்டாம். இதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணின் பார்வை வரிசையில் நின்றவர்கள் மேலும் போய்வந்தது.

சளி மாத்திரை அட்டையைத் தனியாக எடுத்துவைத்தார். "இது இனிமே கேக்காமப் போடாதீங்க." ஜலதோஷ மாத்திரைகளில் இருக்கும் ஃபீனைலெஃப்ரினும் குளோர்ஃபெனிரமினும் புராஸ்டேட்காரருக்கு நீரை ஒரேயடியாக அடைத்துவிடக்கூடியவை. இரண்டு நாள் மூக்கடைப்புக்குப் போட்டுக்கொண்டு, அடிவயிறு கல்லாகி, நள்ளிரவில் டியூப் போடவைத்துக்கொள்ள வந்தவர்கள் உண்டு.

சாயங்காலம் பழக்கம் ஏதும் உண்டா என்று கேட்டபோது அம்மாள் சட்டென்று, "எப்பயாச்சும் ஒரு குவாட்டரு" என்றார். சாராயமும் குழாய்களை விரிக்கும், இரண்டும் சேர்ந்தால் விழுகிற வேகம் கூடும். அந்தப் பெண் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில், டடாலஃபில் மாத்திரைகளைப் பற்றி டாக்டர் உள்ளேயே தனியாகக் கேட்டிருப்பார் என்று நம்புகிறேன். அவையும் இந்த ஓசின்களும் ஒன்றாகச் சேர்ந்தால் பிரஷர் அடிமட்டத்துக்குப் போய்விடக்கூடும். எழுபது வயதுக்காரரிடம் அதையெல்லாம் கேட்க வேண்டுமா என்று தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும்.

எல்லாவற்றையும் உறையில் போட்டுக் கொடுக்கும் நேரத்தில், சட்டைப் பையிலிருந்த கண்ணாடிக்கூட்டைப் பார்த்துத்தானோ என்னவோ, "கண்ணு நல்லாத் தெரியுதா தாத்தா?" என்றார்.

"பொரை விழுந்திருக்கு. ஆபரேசனுக்கு அடுத்த மாசம் வரச் சொல்லியிருக்காக" என்றார் பெரியவர். தானாக, யாரும் பிடுங்காமல், அவர் சொன்ன முதல் விஷயம் அதுதான்.

அந்தப் பெண் கையிலிருந்த உறையைக் கீழே வைத்துவிட்டார்.

2005இல் டேவிட் சாங், ஜான் கேம்பெல் என்ற இரு அமெரிக்கக் கண் மருத்துவர்கள் ஒன்றைக் கண்டு எழுதினார்கள். டாம்சுலோசின் சாப்பிடுகிறவர்களுக்குக் கண்புரை அறுவை செய்யும்போது, விரிந்திருக்க வேண்டிய கண்மணி நடுவிலேயே சுருங்குகிறது. அதைச் சுற்றியுள்ள திரை தொளதொளத்து அலைபாய்கிறது. கண்ணின் திரையை இழுத்துப் பிடிக்கும் தசையிலும் அந்த ஆல்ஃபா-1 ஏற்பிதான். மாத்திரையை நிறுத்திப் பல மாதம், சில சமயம் வருடங்கள் ஆனபிறகும் இப்படி நேர்ந்திருக்கிறது. ஆகவே ஆபரேஷனுக்கு முன்னால் நிறுத்திவிட்டால் சரியாகிவிடும் என்று நம்ப முடியாது. முன்கூட்டியே தெரிந்திருந்தால் கண் டாக்டர் அதற்கான மருந்தோடும் திரையைப் பிடித்துவைக்கும் சின்னக் கொக்கிகளோடும் தயாராக இருப்பார். தெரியாமல் தொடங்கினால்தான் ஆபத்து. நம் ஆண்களில் பலருக்கு புராஸ்டேட்டும் கண்புரையும் அடுத்தடுத்து, ஒரே பருவத்தில் வருகின்றன. கண்ணுக்கும் ஒன்றுக்குப் போவதற்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்குத் தோன்றும்? தோன்றாது, அதனால்தான் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

ஜன்னல் பெண் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். அவர் சாப்பிடும் மருந்துகளின் பெயர், அளவு, எப்போது, எதற்கு என்று எழுதினார். நிறுத்திய மருந்தையும் தேதியோடு எழுதினார். டாம்சுலோசினுக்கு நேரே, கண் டாக்டரிடம் கட்டாயம் காட்டவும் என்று எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்தார். இந்தியிலும் எழுதினார். டாக்டரிடம் அனுப்பிக் கையெழுத்தும் வாங்கிவந்தார். பல்லுக்குப் போனாலும் எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் இதை முதலில் காட்டுங்கள் என்றார்.

பெரியவர் தாளை வாங்கினார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். நான்காக மடித்து மனைவியின் மஞ்சப்பைக்குள் போட்டார்.

அம்மாள் பையைத் திறந்து அதை எடுத்தார். அவருடைய சட்டைப் பையில், கண்ணாடிக்கூடு இருந்த இடத்தில், செருகினார்.

"எங்கிட்ட எதுக்கு? கண்ணு டாக்டரு கேட்டா நீங்கதான் சொல்லணும். நான் கூட வரமாட்டேன்."

"நீ வராம எப்படி?"

"வருவேன். வாயத் தொறக்க மாட்டேன்."

வரிசையில் நின்ற மாப்பிள்ளைப் பெரியவர் ஒருவர் சிரித்துவிட்டார். சாத்தம் மில்காரரும் லேசாகச் சிரித்தார். பிறகு ஸ்டூலின் விளிம்பைப் பிடித்தபடி அசையாமல் கொஞ்சம் உட்கார்ந்திருந்து, எழுந்து, நின்று பார்த்துவிட்டு, ஜன்னல் பெண்ணிடம் கேட்டார்: "கண்ணு ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள, ஊர்ல அந்த டாக்டருக்கும் போன்ல சொல்லணுமா பாப்பா?"

"சொல்லுங்க தாத்தா. நம்பர் அந்தச் சீட்டுலயே இருக்கும்."

"டோக்கன் இருபத்தி மூணு" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.